எண்பதில் ஆடும் ஸ்டீயரிங்

பொன்னிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீயை நின்றுகொண்டே குடிப்பாள், சோற்றை நடந்துகொண்டே சாப்பிடுவாள். போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நாலு நடை போய்விடும். அவள் அசையாமல் உட்காரும் ஒரே இடம் அவளுடைய காரின் டிரைவர் சீட்டுதான். மரக்காணத்திலிருந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு, பொம்மையார்பாளையம் தாண்டி இருக்கும் இறால் கம்பெனியில் கொண்டுபோய் விடுவது அவள் வேலை. போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கு நிம்மதி.

அந்த நிம்மதியும் ஒரு புதன்கிழமை காலையில் போயிற்று.

அதற்கு முந்தின நாள் வண்டி மெக்கானிக் சகாயராஜ் ஷெட்டில் நின்றது. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் கடக் கடக்கென்று ஒரு சத்தம். அடியில் படுத்துப் பார்த்த சகாயராஜ், "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சுக்கா" என்றான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க ஒரு ரப்பர் வைத்திருப்பார்கள். அதுதான் புஷ். இரண்டு பக்கமும் பழசைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே போல்ட்டை இறுக்கிவிடுகிற அவசரக்காரன் இல்லை அவன். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் கனம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்குவான். நல்ல வேலைக்காரன். அதை யாரும் மறுக்க முடியாது.

அவனுக்கு இன்னொன்றிலும் நல்ல பேர் உண்டு. மரக்காணம் காற்றில் உப்பு இருக்கிறது. கேட்டைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். காரின் சக்கரத்தை ஒரு வருடம் கழற்றாமல் விட்டால் துரு அதை ஹப்போடு ஒட்டவைத்துவிடும். ஹப் என்றால் சக்கரம் போய் உட்காரும் வட்டமான இரும்பு முகம். வெளியூர் மெக்கானிக்குகள் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கழற்றுவார்கள். சகாயராஜ் கைபட்ட வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஹப் முகத்தில் கிரீஸை வழித்துப் பூசிவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டுவான். அடுத்த முறை சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்று வரும். அந்த கிரீஸுக்காகவே அனுமந்தையிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வருவார்கள்.

புதன்கிழமை காலை வண்டியில் கடக் கடக் இல்லை. பொன்னிக்குச் சந்தோஷம். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், நேரான ரோடு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். எழுபத்தைந்து தாண்டும்போது ஸ்டீயரிங் லேசாகச் சிணுங்கியது. எண்பதில் நன்றாக ஆடியது. மாவு மில்லின் மேல் கையை வைத்த மாதிரி விரலில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் ஏறியது. காலை எடுத்தாள். அறுபதுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிட்டது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சவரியம்மாள் ரோட்டைப் பார்க்கவில்லை. பொன்னியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பொன்னி, கை ஏன் இப்படி நடுங்குது?"

"கை இல்லக்கா. ஸ்டீயரிங் ஆடுது."

"புஷ் எல்லாம் மாத்திட்டேன்னு சொன்னியே."

மாற்றின பிறகுதானே ஆடுகிறது, அதைத்தானே அவளும் கேட்க வேண்டும்.

திரும்பி வந்ததும் வண்டியை நேராக ஷெட்டுக்கு விட்டாள். சகாயராஜ் அடியில் புகுந்து எல்லா போல்ட்டையும் தட்டிப் பார்த்தான். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் உலுக்கினான். நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனான். போனது எங்கே? பஸ் ஸ்டாண்டு வரைக்கும். மத்தியானக் கூட்டத்தில் ஐம்பதுக்கு மேல் போயிருக்க மாட்டான். வந்து இறங்கி, எதிரே கமாலுதீன் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது சொன்னான்.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா. நானே ஓட்டிப் பாத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கைய ஒரு டாக்டர்கிட்ட காமிங்க. உங்க அப்பாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

மனதில் விஷம் வைத்துச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னான். அதனால்தான் எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள்.

பொன்னியின் அப்பா சடையப்பன் முப்பது வருடம் உப்பளத்தில் உப்பு வாரினவர். ஐம்பது வயதில் வலது கை ஆட ஆரம்பித்தது. வாரும் பலகை கோணலாக இழுத்து உப்போடு சேறும் சேர்ந்து வந்தது. குடித்துவிட்டு வருகிறான் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த மனிதர் கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. அது நரம்பு வியாதி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் படுக்கையில் விழுந்திருந்தார். சாகிற வரைக்கும் ஊருக்கு அவர் குடிகாரன்தான். பொன்னியும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் அதே உப்பளத்தில் கூடை சுமந்தவள். முப்பத்தொரு வயதில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய் கியரைப் பிடித்தாள். கணவர் சென்னையில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வந்து, "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது வருடம் அவள் கையை யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. பயம்தான் பெரிசு.

வியாழக்கிழமை கம்பெனியில் பெண்களை இறக்கிவிட்டு, புதுச்சேரியில் ஒரு டயர் கடைக்குப் போனாள். வீல் அலைன்மென்ட் சரியாக இருந்தது. சக்கரங்களைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டு பேலன்ஸ் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சைபர் காட்டியது. "வண்டி சூப்பரா இருக்குதுங்க மேடம்" என்று மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பும்போது எண்பதில் ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இனி சரியாகிவிடும் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பொம்மையார்பாளையத்தில் வலது முன்சக்கரம் பஞ்சர். ஒட்டி மாட்டினார்கள். ஏறி உட்கார்ந்து எண்பதைத் தொட்டால், முந்தியைவிட மோசமாக ஆடியது. சவரியம்மாள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தேவா கூப்பிட்டான். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அவன், மரக்காணத்துக்காரன்தான்.

"பொன்னிக்கா, லேடீஸ் பயப்படுறாங்க. திங்கக்கிழமை வேற வண்டி சொல்லியிருக்கேன். டாக்டர் லெட்டர் கொண்டாங்க, அப்புறம் பேசிக்கலாம்."

"வண்டி ஆடுது தேவா. கை ஆடல."

"மெக்கானிக்கே வண்டில ஒண்ணும் இல்லன்றாரேக்கா."

போனை வைத்துவிட்டுப் பொன்னி அந்த ராத்திரி சும்மா இருந்தாளா? டம்ளரில் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் நுழைந்தது, நம்பிக்கை வராமல் உருவிவிட்டு மறுபடியும் கோத்தாள். கையை நீட்டி, விரித்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டுப் பார்த்தாள். தாளின் ஓரம் லேசாக அசைந்தது. ஃபேன் காற்றா, கையா? ஃபேனை நிறுத்தினாள். அப்போதும் அசைந்தது போலத்தான் இருந்தது. கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கைதான் ஆடாமல் இருக்கும்?

பிளஸ் டூ படிக்கும் மகள் தமிழ்நிலா கேட்டாள். "எதுக்கும்மா கையையே பாத்துட்டு இருக்க?"

"ஒண்ணும் இல்லடி. படி."

சனிக்கிழமை அறுபதைத் தாண்டாமல் ஓட்டினாள். கம்பெனிக்குப் பத்து நிமிடம் தாமதம். பெண்களை இறக்கிவிட்டு காலி வண்டியில் திரும்பும்போது புதன், வியாழன், வெள்ளி மூன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். புதன்கிழமை ஆடியது. வியாழக்கிழமை குறைந்தது. டயர் கடைக்காரன் எதையும் திருத்தவில்லையே, எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே சொன்னான். அப்புறம் ஏன் குறைந்தது? வெள்ளிக்கிழமை பஞ்சர் ஒட்டினதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அப்புறம் ஏன் கூடியது? செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் மூன்று முறையும் நடந்த காரியம் ஒன்றே ஒன்று. சக்கரத்தைக் கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள்.

அனுமந்தை வளைவில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அந்த வலது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நட்டு நாலு. சக்கரத்தில் துளையும் நாலு. எந்தத் துளையை எந்த போல்ட்டில் மாட்டினாலும் மாட்டும். யாரும் அடையாளம் வைத்து மாட்டுவதில்லை. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் சக்கரம் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள், தமிழ்நிலாவின் சிவப்பு நெயில் பாலிஷையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். உப்பளம் தொடங்கும் இடத்தில் ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தி, ஒரு போல்ட்டுக்கும் அதற்கு நேராக இருந்த துளைக்கும் சிவப்புப் புள்ளி வைத்தாள். முதலில் இருந்தபடியே ஓட்டினாள். எண்பதில் பயங்கர ஆட்டம். வந்து ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி ஓட்டினாள். ஆட்டம் பாதி. மறுபடி ஜாக்கி, மறுபடி ஒரு துளை. இப்போது ஆட்டமே இல்லை. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. ஸ்டீயரிங் அப்படியே கையில் தூங்கியது. இத்தோடு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. நாலாவது துளையையும் பார்த்துவிட வேண்டும். மாட்டினாள், ஓட்டினாள், திரும்பவும் ஆடியது.

வழியில் போன இரண்டு பைக்குகள் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டன. வேண்டாம் என்று கை காட்டினாள். புடவை முழுக்கக் கரி, உள்ளங்கையில் கொப்புளம். கை ஆடினால் எல்லாத் துளையிலும்தானே ஆட வேண்டும்? சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் நரம்பு வியாதி சரியாகுமா? அதை வாய்விட்டே கேட்டாள். உப்புப் பாத்திகளைத் தவிரக் கேட்க ஆள் இல்லை.

சக்கரத்தை முதலில் இருந்த மோசமான துளைக்கே மாற்றி மாட்டிவிட்டு, டீக்கடைக்கு வந்தாள். சகாயராஜ் கோயில் பூசை முடிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் டீக்குக் காத்து நின்றிருந்தான்.

"ஏறு. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைக்கா."

"அன்னைக்குப் பேசறதுக்கு நாள் பாத்தியா? ஏறு சகாயம்."

அந்தக் குரலுக்கு அவன் ஏறிவிட்டான். உப்பளத்து நேர் ரோடு வந்ததும், "அழுத்து" என்றாள். எழுபது. "இன்னும்." எழுபத்தெட்டு. எண்பது. சகாயராஜின் இரண்டு கையும் தோள்பட்டை வரைக்கும் குலுங்கின.

"அக்கா, ஆடுதுக்கா."

"என் கை எங்க இருக்குது, பாரு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"மடில" என்றான் மெதுவாக.

ஷெட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். பொன்னி நெயில் பாலிஷ் புள்ளியைக் காட்டி நாலு துளையின் கதையையும் சொன்னாள். துணியால் ஹப் முகத்தைத் துடைத்தான். புது கிரீஸ் வழிந்து வந்தது. அதற்கு அடியில் கறுப்பாக இன்னொன்று இருந்தது. நகத்தால் கீறினான், வரவில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்துத் தட்டினான். நகக்கனத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

அவன் பூசின கிரீஸேதான் அது. பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு, அதன் மேலேயே அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ரோட்டுப் புழுதியும் உப்பும் துருவும். பிரேக் சூட்டில் எல்லாம் வெந்து கெட்டியாகி, ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் சக்கரத்தின் பழைய தடம்கூடப் பதிந்திருந்தது. அந்தத் தடத்திலேயே சக்கரம் உட்கார்ந்தால் ஒழுங்காக ஓடும். ஒரு துளை மாறினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாகச் சுற்றும். கழற்றி மெஷினில் போட்டால் சைபர்தான் காட்டும். சக்கரத்தில் கோளாறு இருந்தால்தானே மெஷினுக்குத் தெரியும்?

"அப்ப இத்தினி நாளா ஏன் ஆடல?" என்று கேட்டாள் பொன்னி.

"பழைய புஷ் லூசுக்கா. கொஞ்ச நஞ்ச ஆட்டத்த அதுவே முழுங்கிக்கிச்சு. புதுசு டைட்டா இருக்குது, அப்படியே ஸ்டீயரிங்குக்கு அனுப்பிடுச்சு." சில்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் கிரீஸ் போடறதப் பாத்துதான் எல்லாரும் என்கிட்ட வர்றாங்க."

இரண்டு முன்சக்கரத்திலும் ஹப் முகத்தைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் விடவில்லை. இந்த முறை கிரீஸ் டப்பாவைத் தொடவில்லை. நாலு துளையிலும் மாற்றி மாற்றி மாட்டி, நாலு தடவையும் அவனே ஓட்டினான். ஒரு துளையிலும் ஆடவில்லை. கடைசித் தடவை திரும்பும்போது, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த பொன்னியிடம் சொன்னான்.

"தப்பு என்னுதுதான்க்கா."

"கண்ணாடிய ஏத்திட்டுச் சொல்லாத. அன்னைக்கு எங்க நின்னு சொன்ன?"

அவன் மறுக்கவில்லை. டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினான். கூட்டத்தில் தேவாவும் இருந்தான், பன் வாங்க வந்த சவரியம்மாளும் இருந்தாள்.

"பாய், எல்லாரும் கேட்டுக்குங்க" என்று சத்தமாகவே சொன்னான் சகாயராஜ். "பொன்னிக்கா கைல ஒண்ணும் இல்ல. கோளாறு நான் செஞ்ச வேலைலதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஷெட்டுக்குப் போனான். அங்கே இன்னொரு கார் நின்றிருந்தது. அதன் சக்கரத்தையும் கழற்ற ஆரம்பித்தான்.

தேவா தொண்டையைச் செருமினான். "சரிக்கா, நாளைக்கு ஆறரைக்கு நீங்களே எடுத்துடுங்க. அந்த வண்டிய நான் வேணாம்னு சொல்லிடறேன்."

"ம்" என்றாள் பொன்னி. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். கமாலுதீன் டீயை நீட்டினார். வாங்க அவள் கையை நீட்டினாள். அப்போது கவனித்தாள். தேவா அவள் கையைப் பார்த்தான், சவரியம்மாள் பார்த்தாள், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். சகாயராஜ் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், நம்பினார்கள், தலையும் ஆட்டினார்கள். ஆனாலும் கண் அவள் விரலுக்குத்தான் போகிறது. இனிமேல் எங்கே எதை வாங்கினாலும் இப்படித்தான் போகும். அப்பாவின் கையையும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள், அவருக்கு வியாதி வருவதற்கு முன்னாலேயே கூட.

"பாய், இன்னும் ஊத்துங்க."

"போதும்மா, தளும்புது."

"தளும்பட்டும். ஊத்துங்க."

விளிம்பு வரைக்கும் ஊற்றினார். பொன்னி அந்த கிளாஸை ஒரே கையில் பிடித்து, குடிக்காமல், ரோட்டோரத்தில் வந்து நின்றாள். சென்னை பஸ் ஒன்று சீறிக்கொண்டு போனது. அது போனதும் நிதானமாக, அவளுக்குப் பழக்கமே இல்லாத நிதானத்தில், ரோட்டைக் கடந்தாள். ஒரு சொட்டுக்கூட சிந்தவில்லை.

ஷெட்டில் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்த சகாயராஜ் நிமிர்ந்து பார்த்து எழுந்தான்.

"குடி. காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீ."

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளாஸை வாங்கினான். வாங்கும்போது அவன் கை வெடவெடவென்று ஆடி, டீ விரலிலும் வேட்டியிலும் கொட்டியது. எதிர்க்கடையில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவனுடைய அப்பாவைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.